திரு. செம்பன், வயது 9

கனடாவிலிருந்து வெளிக்கிட்டு, கட்டுநாயக்காவில் இறங்கி, வான் பிடித்து, விடியப்புறம் யாழ்ப்பாணம் கொக்குவிலுக்கு வந்து சேர்ந்தது வழக்கமான கதை. நல்லூர், கசூரினா, ஐஸ்கிரீம் கடை எல்லாம் நீங்களும் போய் வந்த இடங்கள்தான், அவற்றை விட்டுவிடுகிறேன். மூன்று கிழமை லீவில் ஒரு முழு நாளையும் மிச்சமிருந்த பொறுமையையும் தின்றது ஒரு சிரிஞ்ச். அதுவும் பூனைக்கு.

செம்பன் எங்கள் வீட்டுக் கடுவன். நலமடித்தவன், ஒன்பது வயது. போன வருடம் வீடியோவில் பார்த்தபோது பலாப்பழம் மாதிரிப் படிக்கட்டில் கிடந்தான். இந்த முறை கையில் தூக்கினால் முதுகெலும்பு தட்டுப்பட்டது. பின்னங்கால் குதி நிலத்தில் பட, கிழவன் மாதிரி நடந்தான். "தின்னுறதிலை ஒரு குறையுமில்லை பிள்ளை, வாளித் தண்ணியை எல்லாம் குடிக்கிறான், ஆனால் உடம்பு விழுந்துபோச்சு" என்றார் அம்மா. பிறகு என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் மணலைக் காட்டினார். அவன் பெய்த இடத்தில் எறும்பு மொய்த்திருந்தது. அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று பிடிபட்டதும் இப்படித்தான். வைத்தியரிடம் போகமுதலே அம்மா முடிவு சொல்லிவிட்டார்.

மிருக வைத்தியரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆகவே சுருக்கமாக முடிக்கிறேன். சீனி 396 என்றார். எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. கனடாவில் வேறு அளவு, 18ஆல் பிரித்தால்தான் எங்களுக்கு விளங்கும். பிரித்தால் 22, அதுவும் கூடத்தான். பூனை பயந்தாலே சீனி ஏறிவிடும், ஒரு தடவை குத்திப் பார்த்துவிட்டு முடிவெடுக்க ஏலாது என்று சொல்லிச் சிறுநீரையும் சோதித்தார். அதிலும் சீனி. நல்ல காலம், சீனி வருத்தம் முற்றினால் வரும் கீற்றோன் இல்லை. கிளார்ஜின் இன்சுலின், காலை 1 யுனிற், மாலை 1 யுனிற், இடையில் 12 மணித்தியாலம் என்று எழுதித் தந்தார். நேரத்தோடு பிடித்தபடியால் சாப்பாட்டையும் திருத்தினால் சில மாதங்களில் ஊசியே தேவைப்படாமலும் போகலாம் என்றார். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் கடை கடையாக ஏறினேன்.

ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் மருந்துக்கடைக்குப் பஞ்சமில்லை. முதல் கடையில் துண்டை நீட்டினேன். பெடியன் ஃபிரிட்ஜைத் திறந்து மருந்தை எடுத்துவிட்டான். பிறகு துண்டை இன்னொருக்கால் பார்த்தான்.

"அக்கா, இது மாட்டு டொக்டரின்ரை துண்டெல்லோ?"

"ஓம் தம்பி. பூனைக்கு."

கடையில் நின்ற ஏழெட்டுப் பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். மருந்து மறுபடி ஃபிரிட்ஜுக்குள் போனது. உள்ளேயிருந்து வந்த முதலாளி, மனிசரைப் பார்க்கிற டொக்டரிட்டை எழுதிக்கொண்டு வாங்கோ, அம்மாவின்ரை பேரிலை எழுதினால் சரி என்று வழியும் சொல்லித் தந்தார். எழுபத்தெட்டு வயதில் ஒரு குளிசைகூடப் போடாத என் அம்மா அருகில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கென்ன வருத்தம்?" என்று அவர் தொடங்கியதை நிறுத்த ஓட்டோவில் ஏற்ற வேண்டியதாயிற்று.

இன்சுலினைக் கண்டுபிடித்ததே ரொறன்ரோவில், 1921இல். அடுத்த ஜனவரியில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு அதை முதன்முதல் ஏற்றியதும் அங்கேதான். அதற்குமுன் நாய்களில்தான் பரீட்சித்துப் பார்த்தார்கள். நாய்க்குப் போட்டுப் பார்த்த மருந்தைப் பூனைக்குத் தர இவர்களுக்கு என்ன கஷ்டம்? இதையெல்லாம் கடையில் நின்று பேசியிருப்பேன் என்று நினைக்காதீர்கள். பேசினேன். ஒருவரும் அசையவில்லை.

இரண்டாவது கடையில் மருந்து தந்தார்கள். ஆனால் நோயாளியின் பெயரும் வயதும் இல்லாமல் கொம்பியூட்டர் நகராதாம். "செம்பன்" என்றேன். அந்தப் பிள்ளை சிரிக்காமல் தட்டியது. "ஆணோ பெண்ணோ?" கொஞ்சம் யோசித்து "ஆண்" என்றேன். பில் வந்தது: திரு. செம்பன், வயது 9.

சிரிஞ்சில்தான் மாட்டினேன். தந்தது ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்ச். அதில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் 2 யுனிற். செம்பனுக்கு வேண்டியது 1, அதாவது ஒரு மில்லிலீற்றரில் நூறில் ஒரு பங்கு. ஊசி முனையில் கடுகளவு தொங்கும், அவ்வளவுதான். கோடே இல்லாத இடத்தில் கண்மட்டத்தில் அளந்து ஐந்து கிலோப் பூனைக்குக் குத்த எனக்குத் துணிவு இல்லை. ஒவ்வொரு யுனிற்றுக்கும் கோடு போட்ட 0.3 மில்லிலீற்றர் சிரிஞ்ச் இருக்கிறதா என்றால், இருக்கிறதை வைத்துச் சமாளியுங்கோ என்று பதில்.

மூன்றாவது கடையில் சின்னதாக ஒன்று தந்தார்கள். சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தால் மூடி சிவப்பு, குழாயில் 40 என்று அச்சு, அதாவது ஒரு மில்லிலீற்றரில் 40 யுனிற் உள்ள மருந்துக்கானது. என் மருந்தில் 100. இந்த வித்தியாசம் தெரியாமல் 1 என்ற கோடு வரை இழுத்திருந்தால் பூனைக்குள் இரண்டரை யுனிற் போயிருக்கும். திரும்ப ஓட்டோ. "ஊசி ஊசிதானே அக்கா" என்றான் அந்தத் தம்பி. அங்கே வைத்து நான் போட்ட சத்தத்தைப் பற்றி இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிழை பிழைதான். ஸ்காபரோவில் என்றால் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் துண்டே இல்லாமல் இன்சுலின் வாங்கலாம், அரை யுனிற் கோடு போட்ட சிரிஞ்சையும் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அங்கே அடிப்பது மிருக வைத்தியரின் பில். என்னோடு வேலை செய்கிறவளின் பூனைக்கும் இதே வருத்தம், பில்லைப் பார்த்தபோது அவளுக்குத்தான் சீனி ஏறியது.

அன்று பின்னேரம் விறாந்தையில் வெறுங்கையோடு இருந்தேன். முன்வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து என்ன சங்கதி என்று கேட்டார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் ரின்னோடு வந்தார். ரின் நிறைய 0.3 சிரிஞ்ச், மூடி செம்மஞ்சள், லண்டனில் இருக்கும் மகன் அனுப்பியது. அன்ரி பதினாலு வருடமாகத் தனக்குத்தானே இன்சுலின் குத்துகிறாராம். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பிள்ளை, ஊரெல்லாம் ஓட்டோவுக்குக் காசு குடுத்திருக்கிறாய்" என்று ஏச்சு வேறு.

குத்துவதையும் அவரேதான் காட்டித் தந்தார். செம்பன் கோப்பைக்குள் தலையை விட்டுத் தின்னும்போது விலாப் பக்கத்துத் தோலை இரண்டு விரலால் கூடாரம் மாதிரித் தூக்கி, மடிப்புக்குள் முனையை விட்டு, அமத்தி எடுத்தார். அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "முதலிலை தின்னட்டும், பிறகு ஊசி. தின்னாட்டில் குத்தாதை, டொக்டருக்குப் போன் பண்ணு." வைத்தியர் சொன்னதும் இதேதான், ஆனால் அன்ரி சொன்னபோதுதான் எனக்குப் பயம் போனது. அடுத்த நாளிலிருந்து ஒழுங்கையில் உள்ளவர்கள் எல்லாம் ஆறு மணிக்கு வேடிக்கை பார்க்க வந்தார்கள். பூனைக்கு ஊசியாம், கனடாக் காசு என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார்.

சாப்பாட்டில் வந்தது அம்மாவோடு சண்டை. எங்கள் வீட்டில் பூனை என்றால் சோறும் மீன் குழம்பும்தான், பாட்டி காலத்திலிருந்து. சோறு நிற்க வேண்டும். வெங்காயமும் உள்ளியும் சீனி வருத்தம் இல்லாத பூனைக்கே கூடாது. அவித்த கோழி, கொஞ்சம் ஈரல், முட்டை, முள் எடுத்த மீன் என்று உப்பில்லாமல் வைத்தோம். மீன் மட்டும் வைத்தாலும் காணாது, அதனால் பூனைக்கென்று விற்கும் ஈரச் சாப்பாட்டு ரின்னும் வாங்கினேன். மாச்சத்து எவ்வளவு என்று ரின்னில் போடுவதில்லை. புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் எல்லாவற்றையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் வரும். சுப்பர்மார்க்கட்டில் போனை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தபோது காவலாளி இரண்டு தரம் என்னைச் சுற்றிப் போனார். வறண்ட உருண்டைகளில் மாச்சத்து அள்ளி வந்தது, அவற்றை வைத்துவிட்டு வந்தேன். சோற்றை ஒரேயடியாக நிறுத்தினால் அதே அளவு இன்சுலின் கூடிப்போய்ச் சீனி விழுந்துவிடும் என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்றினோம், அன்ரியின் சீனி பார்க்கும் மெஷினால் காது ஓரத்தில் குத்திக் குத்திப் பார்த்தோம். மனிசருக்கான மெஷின் பூனைக்குக் கொஞ்சம் குறைத்துக் காட்டும், ஆனாலும் போக்குத் தெரியும்.

தள்ளாடினால், சோர்ந்து விழுந்தால் பல் முரசில் தடவ என்று தேன் போத்தல் ஒன்றையும் அவன் மருந்துக்குப் பக்கத்தில் வைத்தேன். "சீனி வருத்தக்காரனுக்குத் தேனோ?" என்று அம்மா போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார். இரண்டாம் கிழமை சீனி 240, பிறகு 210. நான் வெளிக்கிட்ட அன்று குதி நிலத்தில் படாமல் மதிலுக்குப் பாய்ந்தான்.

இப்போது எனக்குக் காலை எட்டரை என்றால் அங்கே மாலை ஆறு. அன்ரி வீடியோவில் சிரிஞ்சைக் காட்டி, கோட்டைக் காட்டி, குத்துவார். போன சனிக்கிழமை 330 என்றார். அதற்கு முதல் சனிக்கிழமையும் ஏறித்தான் இருந்தது. கிழமை நாட்களில் ஒழுங்காக நிற்கிறது. எனக்கு மூளை வேலை செய்ய ஒரு நிமிடம் பிடித்தது.

"அம்மா, சனி விரதத்துக்குக் காகத்துக்கு வைக்கிற சோற்றை எங்கை வைக்கிறனீங்கள்?"

"வேறெங்கை, மதிலிலைதான்."