இரட்டை கார்புரேட்டரைச் சமன் செய்ய எது நல்லது: ட்யூபா, மீட்டரா, வாக்குவம் கேஜா?

காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டர் ஒன்றுக்கு மேல் உள்ள காரில் ஒன்று கொஞ்சம் முந்தியும் இன்னொன்று கொஞ்சம் பிந்தியும் திறந்தால், சமவெளி நெடுஞ்சாலையில் அது பெரிதாகத் தெரியாது. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும்போது தெரிந்துவிடும். 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆக்ஸிலேட்டரை விட்டு, கியரைக் குறைத்து, மறுபடி மெல்ல மிதிக்க வேண்டியிருக்கும். மிதிக்கத் தொடங்கும் அந்த நொடியில்தான் வண்டி குலுங்கும், மிஸ்ஸிங் வரும். அதனால் ஐட்லிங்கில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) வண்டி அழகாக நிற்கிறதா என்பதை மட்டும் பார்த்து ஒரு கருவியை நல்லது என்று நான் சொல்லமாட்டேன். த்ராட்டில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் காற்றுக்கு வழிவிடும் தட்டு, திறக்கத் தொடங்கும் இடத்தையும் அது காட்ட வேண்டும்.

முதலில் ரப்பர் ட்யூப். அரை மீட்டர் ட்யூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் ஒரே இடத்தில் பிடித்தால், காற்று இழுக்கும் சீறல் கேட்கும். இரண்டும் ஒரே சுருதியில் வரும்வரை, ஐட்லிங் வேகத்தை வைக்கும் ஸ்பீடு ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டியதுதான். செலவே இல்லை. எம்ஜிபி போன்ற இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் வண்டிக்கு இது உண்மையிலேயே போதும், ஏனென்றால் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் குழாய், கார்புரேட்டரிலிருந்து சிலிண்டருக்குக் கலவையைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டிலேயே இருப்பதால் சின்ன வித்தியாசத்தை இன்ஜினே ஓரளவு சரிக்கட்டிவிடும். ஆனால் எண்ணாக எதையும் இது தராது. கொஞ்சம் வேகம் கூட்டி வைத்தால் ஃபேன் சத்தமும் சேர்ந்துகொண்டு காதைக் குழப்பும்.

அடுத்தது யூனிசின் என்ற காற்றோட்ட மீட்டர். நடுவில் திருகக்கூடிய தட்டு, பக்கத்தில் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஏறி இறங்கும் சின்ன மிதவை. இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. கார்புரேட்டர் வாயில் வைத்ததுமே காற்றோட்டத்தை அடைக்கிறது. இன்ஜின் தடுமாறுகிறது, அந்தத் தடுமாற்றத்தைத்தான் நாம் அளக்கிறோம். கண்ணாடிக் குழாய் நேர் செங்குத்தாக நின்றால்தான் அளவு சரியாக வரும் என்பதால், வாய் பக்கவாட்டில் இருக்கும் கார்புரேட்டரில் அதுவும் ஒரு தொல்லை.

சின்க்ரோமீட்டரும் காற்றோட்ட மீட்டர்தான், ஆனால் வேறு ரகம். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிலோ காற்று போகிறது என்று முள் காட்டும், ஓட்டத்தையும் அவ்வளவாகத் தடுக்காது. லோட்டஸ் கார்ட்டினாவில் இருப்பதுபோல இரண்டு வெபர் 40 டிசிஓஇ பொருத்திய வண்டிக்கு என் தேர்வு இதுதான். அங்கே சிலிண்டருக்கு ஒரு தொண்டை (காற்று போகும் வழி) என்று, கார்புரேட்டருக்கு இரண்டாக நான்கு தொண்டைகள். ஒவ்வொன்றும் தன் சிலிண்டருக்கு மட்டுமே ஊட்டுவதால் வித்தியாசத்தை ஈடுகட்ட எதுவும் கிடையாது. முதலில் ஐட்லிங்கில் இரண்டு கார்புரேட்டரையும் சமமாக்கி, அப்புறம் 1,500 முதல் 2,000 ஆர்பிஎம் வரை உயர்த்தி, இணைப்புக் கம்பி இரண்டையும் சேர்ந்தே திறக்கிறதா என்று மறுபடி அளக்க வேண்டும். இந்த இரண்டாவது அளவுதான் கல்லட்டி வளைவில் காப்பாற்றும். பலரும் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரே கார்புரேட்டரின் இரண்டு தொண்டைகளும் வெவ்வேறு எண் காட்டினால் த்ராட்டில் ஷாஃப்ட் முறுக்கியிருக்கலாம், அல்லது தட்டு சரியாக உட்காராமல் இருக்கலாம். புது மாடல்களில் தொண்டைக்கு ஒரு பைபாஸ் ஸ்க்ரூ (தட்டைச் சுற்றிக் கொஞ்சம் காற்று விடுவது) உண்டு, அதில் சரி செய்யலாம். பழையதில் கழற்றித்தான் பார்க்க வேண்டும். மீட்டர் வாயில் காற்றுக் கசியாமல் உட்கார ரப்பர் அடாப்டர் அவசியம், அதையும் சேர்த்தே வாங்குங்கள்.

மேனிஃபோல்டில் இன்ஜின் இழுக்கும் வெற்றிடத்தை அளக்கும் வாக்குவம் கேஜ் துல்லியமானதுதான், நான்கையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம் என்ற வசதியும் உண்டு. நான்கு கார்புரேட்டர் பைக்குகளில் அதற்கென்றே துளைகள் இருப்பதால் அங்கே இதுதான் சரி. காரில் மேனிஃபோல்டைத் துளைத்து நிப்பிள் போட வேண்டியிருக்கும். அப்படியே போட்டாலும் தனித்தனித் தொண்டையில் முள் துடித்துக்கொண்டே இருக்கும், குழாயில் நெருக்கி வைத்தால்தான் அடங்கும். பாதரசக் குழாய் வகை வேண்டவே வேண்டாம். அது விஷம், இன்ஜினுக்குள் உறிஞ்சப்படவும் கூடும்.

கேஜ் வைத்திருப்பவர்கள் ஊட்டியில் ஒன்றை மறக்கக் கூடாது. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே குறைவு. 1,000 அடிக்குச் சுமார் 1 அங்குலம் (பாதரச அளவில்) என்று கேஜ் அளவு இறங்கும். கோவையில் 18 அங்குலம் காட்டிய இன்ஜின் இங்கே 12 பக்கம் காட்டினால் வால்வு போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். நாம் பார்ப்பது கார்புரேட்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். இந்த அழுத்தக் குறைவு எல்லாத் தொண்டைக்கும் ஒன்றுபோலத்தான். அதனால் மேட்டுப்பாளையத்தில் சமன் செய்த வண்டி ஊட்டியிலும் சமனாகவே இருக்கும்.

மாறுவது பெட்ரோல் கலவை. காற்று அடர்த்தி குறைவதால் ஊட்டியில் கலவை பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் கனத்துப்போகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் மிஞ்சிவிடும். பிளக் கறுக்கும், பிக்கப் மந்தமாகும். அதைப் பார்த்துவிட்டுச் சமன் போய்விட்டது என்று ஸ்பீடு ஸ்க்ரூவைத் திருகினால் சமன், கலவை இரண்டும் கெடும். எஸ்யூவில் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) நட்டை ஒவ்வொரு முகமாக மேலே ஏற்றிக் கலவையில் பெட்ரோலைக் குறைக்கலாம். கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனை 1 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை இன்னும் கனம், லேசாகக் கூடி அடங்கினால் சரி. வெபரில் மிக்ஸ்சர் ஸ்க்ரூ ஐட்லிங்குக்கு மட்டுமே, ஏற்றத்துக்கு மெயின் ஜெட்டையே சிறியதாக மாற்ற வேண்டும். வண்டி ஊட்டியிலேயே நிற்கப்போகிறது என்றால் மாற்றுங்கள். அடிக்கடி கோவைக்கு இறங்குவீர்கள் என்றால் சிறிய ஜெட்டோடு கீழே முழு வேகத்தில் ஓட்டாதீர்கள், பெட்ரோல் போதாமல் சூடேறி இன்ஜின் பிஸ்டன் உருகும் அபாயம் உண்டு.

எந்தக் கருவியாக இருந்தாலும் டேப்பட் (வால்வு இடைவெளி), டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்), மேனிஃபோல்டில் காற்றுக் கசிவு மூன்றையும் பார்த்த பிறகே எடுங்கள். ஜனவரிக் காலை உறைபனியில் இன்ஜின் சூடேற நேரமாகும். டெம்பரேச்சர் முள் நடுவில் வந்து நிற்கும்வரை ஸ்க்ரூவைத் தொட வேண்டாம்.