இடைவழி அலுமாரிக்கு ஸ்லைடிங் கதவு: சில மாரிகள் கண்ட பிறகு

மட்டக்களப்பின் கல்லடிப் பக்கம் வீடுள்ளவர்கள் அலுமாரிக்கு ஸ்லைடிங் கதவு போட நினைத்தால், கதவின் பாரம் நிலத்தில் இறங்க வேண்டுமா, மேலே தொங்க வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பலகையும் நிறமும் பிறகு. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் திட்டில் இருக்கின்றன எங்கள் வீடுகள். வாசலில் எத்தனை கால்மிதி போட்டாலும் மணல் உள்ளே வரும். கீழே தடம் பதித்து அதில் சில்லு ஓடும் வகைக் கதவு செலவு குறைந்தது, பொருத்துவதும் சுலபம். ஆனால் அந்தத் தடம் மணலுக்கு வெட்டி வைத்த வாய்க்கால். நான் மேலே தொங்கவிட்டேன். இத்தனை மாரிக்குப் பிறகும் அந்த முடிவில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

எங்கள் இடைவழி 6 அடி அகலம். அலுமாரியின் உள் ஆழம் 2 அடி, இரண்டு தடங்களுக்கு 4 அங்குலம் போக, நடப்பதற்கு 3 அடி 8 அங்குலம் மிஞ்சியது. பிணைச்சல் கதவென்றால் 7 அடி வாயிலுக்கு 21 அங்குலத்தில் நான்கு கதவுகள் வேண்டும். ஒன்றைத் திறந்து வைத்தாலே, ஆட்கள் ஒருக்களித்துத்தான் போக வேண்டியிருக்கும்.

மேலே தொங்கவிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் வீட்டில் தகட்டுக் கூரையும் அதன் கீழ் மெல்லிய சீலிங்கும்தான். அதில் ஒரு பூந்தொட்டியைக்கூட நம்பித் தொங்கவிட முடியாது. எனவே இரு பக்கச் சுவரிலும் உட்காரும்படி நாலுக்கு நாலு முதிரைச் சட்டம் ஒன்றைக் குறுக்கே வைத்து, தடங்களை அதன் அடியில் பொருத்தினேன். சட்டம் கொஞ்சம் தொய்ந்தாலும் கதவுகள் தாமாக நடுவுக்கு உருளும். அதனால் சட்டத்தை மட்டம் பார்த்து வைக்க வேண்டும். மேசன்மார் பிடிக்கும் தண்ணீர்க் குழாய் மட்டம் இதற்குப் போதும்.

கதவுக்கு 18 மில்லிமீற்றர் பிளைவுட் எடுத்தேன். இரண்டு கதவும் ஒன்றன்மேல் ஒன்று 2 அங்குலம் ஏற வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு கதவின் அகலம் 43 அங்குலம். எட்டுக்கு நாலு அடிப் பலகை ஒன்றில் ஒரு கதவு அடங்கிவிடுகிறது. எடை ஏறத்தாழ 25 கிலோ. மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகை வழவழப்பாக இருக்கும், ஆனால் எடை கூடும், ஈரம் ஏறினால் ஓரம் ஊதிவிடும். எங்கள் மாரிக்கு அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பிளைவுட்டிலும் முன்பக்கத்தில் மட்டும் லாமினேட் ஒட்டிப் பின்பக்கத்தை வெறுமையாக விட்டால், இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஈரம் இழுக்காமல் பலகை வில்லாக வளையும். முன், பின், நான்கு ஓரங்கள் என எல்லாவற்றையும் அடைத்துவிட வேண்டும். என் கதவுகள் இன்றுவரை நேராக நிற்பது இதனால்தான். ஓரத்தில் அடித்த மரச்சட்டங்கள் மட்டும் வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் சுருங்கி, மூட்டில் மயிரிழைக் கோடு காட்டும். மாரி வந்ததும் மூடிக்கொள்ளும்.

காத்தான்குடி ஓடாவியார் ஒருவர், "தம்பி, சில்லில் காசைச் சேமிக்காதீர்கள்" என்றார். தடத்துடன் வந்த சில்லுகள் பார்வைக்குக் குறையில்லாதவை. 40 கிலோ தாங்கும் என்றும் எழுதியிருந்தது. பாரத்தைத் தாங்கின, உப்புக் காற்றைத் தாங்கவில்லை. உள்ளே இருந்த இரும்பு பெயரிங் துருப்பிடித்து, விடியற்காலையில் வீட்டையே எழுப்பத் தொடங்கியது. அம்மா ஒருநாள் தேங்காயெண்ணெய் விட்டுவிட்டார். சத்தம் ஒரு வாரம் அடங்கியது. பிறகு எண்ணெயில் தூசி பிடித்துக் கதவு நகர மறுத்தது. துருப்பிடிக்காத உருக்கு பெயரிங் உள்ள நைலோன் சில்லுகளை மாற்றிய பிறகு தொல்லை இல்லை. இப்போது எப்போதாவது சிலிக்கோன் ஸ்பிரே, அவ்வளவுதான். திருகாணிகளையும் துருப்பிடிக்காத உருக்கில் வாங்குங்கள்.

கதவின் மேலும் கீழும் விரற்கடை அளவு இடைவெளி விட்டிருக்கிறேன். காற்றுப் போகாத அலுமாரியில் மார்கழி, தை மாதங்களில் பட்டுச்சேலையும் தோல் சப்பாத்தும் பூஞ்சணம் பிடிக்கும். இடைவெளி வழியே தூசி வருகிறது என்று மனைவிக்குக் குறை. தூசியைத் துடைக்கலாம், பூஞ்சணக் கறை பட்டில் இருந்து போகாது என்பது என் கட்சி. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

எரிச்சலூட்டும் விஷயங்களும் உண்டு. எந்த நேரத்திலும் அலுமாரியின் ஒரு பாதிதான் கண்ணில் படும். இருவர் ஒரே நேரத்தில் வேலைக்குக் கிளம்பும் வீட்டில் இது தினசரிச் சண்டை. நடுத்தடுப்பு இரண்டு கதவும் ஏறும் இடத்திற்கு நேரே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லாச்சி கதவில் இடித்து முழுதாக வெளியே வராது. ஒரு கதவில் ஆளுயரக் கண்ணாடி ஒட்டினோம். 4 மில்லிமீற்றர் கண்ணாடி சதுர மீற்றருக்கு 10 கிலோ என்பதால், சில்லு தெரிவு செய்யும்போதே அந்தப் பாரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இடைவழி 5 அடிக்குக் குறைவென்றால் இந்த வேலையில் இறங்க வேண்டாம். அங்கே ஆழம் குறைந்த திறந்த தட்டுகளும் ஒரு திரைச்சீலையும் போதும். 5 அடிக்கு மேல் இருந்து, சுவர் செங்கல்லாகவோ கொங்கிறீட்டாகவோ இருந்தால் தாராளமாகச் செய்யலாம். சில்லு வாங்கும்போது அதே ரகத்தில் இன்னொரு சோடியையும் சேர்த்து வாங்கி வையுங்கள். இறக்குமதிப் பொருள் என்பதால் அடுத்த முறை அதே அளவு கிடைக்கும் என்ற உறுதி இல்லை.