லைசென்ஸ் வேண்டாத மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போறீங்களா? என் 74,500 ரூபாய் போன கதையைப் படிச்சுட்டுப் போங்க

நேற்று சாயங்காலம் அந்தக் கடையில் கடைசியாகச் சொன்ன பதிலைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. 74,500 ரூபாய். சீட்டு எடுத்த பணம், போதாததற்கு என் கம்மலையும் அடகு வைத்தேன். வண்டி வாங்கும் முன் பார்க்க வேண்டியதை எல்லாம் கடைசியில் எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அவிநாசியிலிருந்து திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவள் நான். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது, லைசென்ஸும் என்னிடம் இல்லை. அதனால் பல கம்பெனி மின்சார ஸ்கூட்டர்களை ஒரே இடத்தில் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். பெரிய ஸ்கிரீன், புளூடூத் எதுவும் வேண்டாம், ராத்திரி வழியில் நிற்காமல் வீடு வந்து சேர்ந்தால் போதும் என்றுதான் கேட்டேன்.

"ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர் கேரண்டிங்க்கா. கிராஃபீன் பேட்டரி, புது டெக்னாலஜி" என்றான் அங்கே இருந்த தம்பி. 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகம், அதனால் பதிவெண்ணும் லைசென்ஸும் தேவையில்லை என்றான். அது உண்மைதான், சட்டமே அப்படித்தான். ஆனால் பஸ்ஸும் லாரியும் போகிற ரோட்டில் 25ல் எப்படிப் போவது என்று தயங்கினேன். உடனே அவன் குனிந்து, சீட்டுக்கு அடியிலிருந்து விரல் நீள வயர் ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான். "இனி 45ல போகுங்க்கா. எங்க அம்மா வண்டிக்கும் நான்தான் எடுத்துவிட்டேன்" என்று போனில் அவங்க அம்மா போட்டோவையும் காட்டினான். அம்மாவையே காட்டுகிற பையன் பொய் சொல்லுவானா என்றுதான் நினைத்தேன். அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

நாலாவது மாதம் 22 கிலோமீட்டரில் வண்டி நின்றது. முதல் தடவை கேட்டபோது "நீங்க சார்ஜ் போடுற விதம் சரியில்லை" என்றார்கள். அடுத்து "ஓனர் வெளியூர்ல இருக்காரு", அப்புறம் "கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கோம்". அதன் பிறகு போனையே எடுக்கவில்லை. ஆறு வாரம் இப்படியே போனது. நேற்று நேரிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். மெக்கானிக் சீட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "ஸ்பீடு வயர் இல்லையே, யார் எடுத்தது? இதுக்கு வாரண்டி கிடையாதுங்க" என்கிறார். எடுத்த தம்பி இரண்டடி தள்ளி நின்றுகொண்டு போனைப் பார்க்கிறான்! கேட்டால் "எனக்கு ஞாபகம் இல்லைங்க்கா". புது பேட்டரி வேண்டுமானால் 18,000 கட்டச் சொல்கிறார்கள்.

எங்கள் தெரு மெக்கானிக்கிடம் காட்டினேன். உள்ளே இருப்பது கனமான ஐந்து 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகளாம். கிராஃபீன் என்பது வெறும் பெயர், இது லித்தியம் இல்லை என்றார். வயரை எடுத்து 25க்கு மேல் ஓட்டினால் பதிவு, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். இத்தனை மாதமாக ஒன்றுமே இல்லாமல் ஓட்டியிருக்கிறேன். யார் மேலாவது மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. 74,500 ரூபாய் கொடுத்து இந்த பயத்தையும் சேர்த்து வாங்கியிருக்கிறேன்.

விவரமாக எழுத இப்போது மனசு ஓடவில்லை. வயரைக் கழற்றித் தருகிறேன் என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள். பேட்டரி லித்தியமா லெட் ஆசிட்டா, வாரண்டி எத்தனை மாதம், இரண்டும் பில்லில் எழுத்தாக இருக்கணும். என் பில்லில் "60 வோல்ட்" என்று மட்டும்தான் இருக்கிறது. முடிந்தால் லைசென்ஸ் எடுத்துவிட்டு, பதிவு செய்த, பச்சை நம்பர் பிளேட் உள்ள மின்சார வண்டியாகவே வாங்குங்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன். பில்லோடு அந்த வயரையும் எடுத்துக்கொண்டு போகிறேன், இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது.