ஹார்டன்ஸ்டைன் 2024: நியூயார்க்கின் நான்கு வருடமா, ஓக்லஹோமாவின் மூன்று வருடமா?

2024 ஜூலையில் என்.பி.ஏ. கூடைப்பந்து சென்டர் (கூடை அருகே ஆடும் உயரமான வீரர்) ஐசையா ஹார்டன்ஸ்டைன் ஃப்ரீ ஏஜென்ட்; அதாவது ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகலாம். அதுவரை அவர் ஆடிய நியூயார்க் நிக்ஸ் தரக்கூடிய உச்சம் 4 வருடத்துக்கு 7.25 கோடி டாலர். ஓக்லஹோமா சிட்டி தண்டர் கொடுத்தது 3 வருடத்துக்கு 8.7 கோடி. இதில் ஒரு சிக்கல் உண்டு: தண்டரின் மூன்றாம் வருடத்தை வைத்துக்கொள்வதா, விடுவதா என்பது அணியின் கையில். அதனால் உறுதியான பணம் 5.85 கோடிதான்; முதல் வருடம் 3 கோடி, அடுத்தது 2.85 கோடி.

ஆக, நிக்ஸ் முழுத்தொகையையும் உறுதியாகக் கொடுத்திருந்தால் 1.4 கோடி கூடுதல். ஆனால் அது மூன்றாம், நான்காம் வருடங்களுக்குச் சேர்த்து. அப்போது அவருக்கு வயது 26. தண்டர் விட்டுவிட்டாலும் 28 வயதில் சந்தைக்கு வருவார். வருடத்துக்கு 70 லட்சத்துக்கு மேல் கிடைத்தாலே நிக்ஸ் கணக்கைத் தாண்டிவிடுவார். அதே கோடையில் 32 வயது சென்டர் யோனாஸ் வாலன்சியூனஸுக்கே வாஷிங்டன் அணி 3 வருடத்துக்கு சுமார் 3 கோடி கொடுத்தது. பெரிய காயம் ஒன்றுதான் இந்தக் கணக்கைக் கவிழ்க்கும். 2023-24 சீசனில் குதிநாண் வலியால் ஹார்டன்ஸ்டைன் ஆடும் நிமிடங்களைக் குறைத்திருந்தார்கள் என்பதால், அந்த பயம் வெறும் கற்பனையும் அல்ல. இருந்தாலும் தண்டர் பக்கம்தான் என் ஓட்டு. வரியும் அந்தப் பக்கமே சாய்கிறது: நியூயார்க்கில் குடியிருந்தால் மாநில வரிக்கு மேல் நகர வரியும் உண்டு.

நிக்ஸ் ஏன் ஏற்றிக் கொடுக்கவில்லை? விதி விடவில்லை. ஒரே அணியில் இரண்டு சீசன் மட்டும் ஆடியவருக்கு ‘எர்லி பேர்ட்’ உரிமைதான் (சம்பள உச்சவரம்பைத் தாண்டியும் சொந்த வீரரை ஓரளவு தொகைக்குள் வைத்துக்கொள்ளும் சலுகை): பழைய சம்பளத்தில் 175%, பிறகு வருடம் 8% ஏற்றம். சுமார் 92.5 லட்சம் வாங்கியவருக்கு அது 1.62 கோடியில் தொடங்கும். 2022-இல் இரண்டுக்குப் பதில் மூன்று வருடம் போட்டிருந்தால் முழு பேர்ட் உரிமை கிடைத்திருக்கும். இந்தத் தடையே இருந்திருக்காது.

ஆட்டம் என்று பார்த்தால் நியூயார்க்கில் இடம் நிச்சயம். அங்கிருந்த இன்னொரு சென்டர் மிட்செல் ராபின்சனின் கணுக்கால் நம்பும்படி இல்லை. ஓக்லஹோமாவில் சென்டராக செட் ஹோம்கிரென் ஏற்கெனவே இருந்தார். ஆனால் ஒல்லியான உடம்பு, ரீபவுண்டில் (தவறிய எறிதலில் திரும்பும் பந்தைப் பிடிப்பதில்) அணி திணறியது. அந்த வருடம்தான் பிளேஆஃபில் டாலஸிடம் 4-2 என்று தோற்று வெளியேறியிருந்தார்கள். தூரத்திலிருந்து மூன்று புள்ளி எறியாத சென்டர் வந்தால், கூடையை நோக்கிப் பாயும் தண்டர் நட்சத்திரம் ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டருக்கு வழி அடைபடாதா என்பது நியாயமான கேள்வி. பதில் ஹார்டன்ஸ்டைனின் கையில் இருந்தது. எதிரணி சென்டர் அவரை விட்டு கூடைக்கு அருகே பின்வாங்கினால், அவர் பந்தோடு மேலே நின்று ஷாய்க்குக் கைமாற்றி அதே அசைவில் ஸ்க்ரீனும் (ஷாயைக் காப்பவரை உடம்பால் மறிப்பது) போடுவார். பின்வாங்கியவர் முன்னே வருவதற்குள் ஷாய் எறிந்துவிடுவார். அவர் வந்துவிட்டாலோ, ஹார்டன்ஸ்டைன் உள்ளே உருண்டு வாங்கி மிதவையாக ஃப்ளோட்டர் போடுவார்.

2024-25-இல் சீசன் தொடங்கும் முன்பே கை எலும்பு முறிந்தது. பிறகு 57 ஆட்டங்களில் சராசரி 11.2 புள்ளி, 10.7 ரீபவுண்ட், 3.8 அசிஸ்ட், அணிக்கு சாம்பியன் பட்டம். அவரை இழந்த நிக்ஸ், தங்கள் வீரர்கள் ரேண்டலையும் டிவின்சென்ஸோவையும் கொடுத்து இன்னொரு சென்டரான டவுன்ஸை வாங்கவேண்டி வந்தது.

தண்டர் விலையை ஏற்றி வருடத்தைச் சுருக்கியதற்கும் காரணம் உண்டு. தண்டரின் இளம் வீரர்கள் ஹோம்கிரென், ஜேலன் வில்லியம்ஸ் இருவரின் புதுமுக ஒப்பந்தமும் 2026-இல் முடிகிறது. அவர்களின் பெரிய சம்பளம் தொடங்கும் அதே சீசனில்தான் ஹார்டன்ஸ்டைனின் மூன்றாம் வருடமும் வருகிறது.