மீட்டர் பெட்டியிலிருந்த தேனீக்களை உயிரோடு எடுத்துக்கொடுத்தவர்: கூத்தப்பாக்கம் அனுபவம்

எங்கள் மோட்டார் அறையில் மின் இணைப்பு இல்லாத பழைய மீட்டர் பெட்டி ஒன்று கிடக்கிறது. மாசி மாதம் அதற்குள் அடுக்குத் தேனீக்கள் குடிவந்துவிட்டன. முதலில் கூப்பிட்ட பூச்சிமருந்துக்காரர், "மருந்து அடித்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்" என்றார். மனம் ஒப்பவில்லை. கொல்லையில் நான்கு முருங்கை மரங்கள். அவற்றின் பூவுக்கு வந்து போகிறவையும் இவைதானே! மஞ்சக்குப்பத்தில் தேனீ வளர்க்கும் தம்பி ஒருவரை வரவழைத்தேன்.

வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இங்கே யாராவது வாழைப்பழம் சாப்பிட்டீர்களா அம்மா?" பேரன் கையில் பாதிப் பழம் இருந்தது. உள்ளே வைத்துவிட்டுக் கை கழுவி வரச் சொன்னார். தேனீ கொட்டும்போது கிளம்பும் அபாய வாசனையில் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. பழுத்த வாழைப்பழத்தின் மணத்திலும் அதுவே இருக்கிறது. 1962இலேயே இதைக் கண்டறிந்துவிட்டார்கள். ஒன்று கொட்டிய இடத்தைத் தேடி மற்றவை பாய்ந்து வருவது இந்த வாசனையால்தான்.

எனக்கும் ஒரு முகவலை கொடுத்ததால் அருகில் நின்று பார்த்தேன். அவர் மணிக்கட்டில் ஒன்று கொட்டியது. தேனீ போய்விட்டது, கொடுக்கு மட்டும் தோலில் நின்றது. அதன் மேல்முனையில் ஒட்டியிருந்த விஷப்பை, கடுகை விடச் சிறியது, தனியாகத் துடித்துக்கொண்டே இருந்தது. நகத்தால் சட்டென்று சுரண்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தேங்காய் மட்டைப் புகையைக் காட்டினார். புகை அபாய வாசனையை மறைத்துவிடும். தேனீக்களும் தேனைக் குடித்து வயிறு நிரப்பப் போய்விடும்.

ஐந்து தேனடைகளை அறுத்து மரச் சட்டங்களில் வாழைநாரால் கட்டினார். (நாரில் பழ வாசனை இல்லை, பயப்பட வேண்டாம் என்றார்.) ராணியைச் சிறு கூண்டில் வைத்துப் புதுப் பெட்டிக்குள் தொங்கவிட்டார். கொஞ்ச நேரத்தில் பெட்டி வாசலில் ஏழெட்டுத் தேனீக்கள் வரிசையாக நின்று, வயிற்றைத் தூக்கி, இறகை விசிறின. அந்த வயிற்று நுனியில் இருப்பது நாசனோவ் சுரப்பி. அதன் வாசனை மற்றவற்றை வீட்டுக்கு அழைக்கும். குனிந்து முகர்ந்து பார்த்தேன், என் மூக்குக்கு எட்டவில்லை. ஆனால் சுவரில் அப்பியிருந்த கூட்டம் அப்படியே இறங்கிப் பெட்டிக்குள் நடந்து போனதைக் கண்ணால் கண்டேன். அதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

பக்கத்திலேயே வைத்தால் பழைய இடத்துக்கே திரும்பும் என்பதால், இருட்டியபின் வாசலை அடைத்துத் தன் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். சொன்னபடி சித்திரையில் திரும்பக் கொண்டுவந்து முருங்கையடியில் வைத்துத் தந்தார்.

கூலி 1,800 ரூபாய். பெட்டிக்குத் தனி விலை. உழைப்புக்கு இது அதிகமில்லை. ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மீட்டர் பெட்டியை முழுதாகச் சுரண்டி, துளையை அடைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். பழைய மெழுகின் வாசனை புதுக் கூட்டங்களை இழுக்கும் என்று சொன்னவரே அவர்தான்! ஒன்பதாம் நாள் வேவு பார்க்கும் தேனீக்கள் வந்துவிட்டன. நானே ஏணி போட்டுச் சுரண்டி, சிமென்ட் பூசினேன். கூப்பிடுகிறவர்கள் துளை அடைப்பதையும் சேர்த்து முன்கூட்டியே கூலி பேசிக்கொள்ளுங்கள்.