மாரின் கவுண்டி காட்டுத்தீ மானியம்: எங்கள் வீட்டு அனுபவம்

கலிஃபோர்னியாவில் மாரின் கவுண்டியின் நோவாட்டோ ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே காய்ந்த புல் மலை. 2017இல் பக்கத்துச் சோனோமா கவுண்டி எரிந்தபோது வந்த புகை இன்னும் மனதில் இருக்கிறது. அதனால்தான், வீட்டைத் தீயிலிருந்து காக்கும் வேலைகளுக்கு மாரின் காட்டுத்தீத் தடுப்பு ஆணையம் தரும் மானியத்துக்கு விண்ணப்பித்தோம். 2020இல் மக்கள் வாக்களித்து ஏற்ற வரிப் பணம் இது. தொடக்கத்தில் அந்த வரி கட்டடத்தின் சதுர அடிக்கு 10 சென்ட்.

எனக்கு மிகவும் பயன்பட்டது பணம்கூட இல்லை, வீட்டை இலவசமாகப் பார்த்துச் சொன்ன ஆலோசனைதான். பெரும்பாலும் வீட்டைக் கொளுத்துவது நேராக வரும் நெருப்பு இல்லை, காற்றில் பறந்து வரும் தீப்பொறி. பரணின் காற்றுத் துவாரம் வழியாக அது உள்ளே புகுந்துவிடும். அங்கே 1/8 அங்குல உலோக வலை போட்டோம். சுவரிலிருந்து 5 அடிக்குள் இருந்த, எளிதில் தீப்பிடிக்கும் ஜூனிப்பர் புதர்களையும் மரப்பட்டைத் தூளையும் அகற்றிச் சரளைக்கல் பரப்பினோம்.

முதலில் கைக்காசைப் போட வேண்டும், அப்புறம்தான் மானியம். வேலை செய்தவர் எல்லாவற்றையும் ஒரே தொகையாக எழுதித் தந்ததால் பிரித்து எழுதிய பில்லை மறுபடி வாங்க அலைந்தேன். தனித்தனியாக எழுதி வாங்குங்கள், புதரை வெட்டும் முன்பே படம் எடுத்துவிடுங்கள்.

அடுத்து மரவேலி. வீட்டைத் தொடும் பகுதியை மட்டும் இரும்பாக மாற்றப் போகிறோம்.