மதுரையில் ஆறு வாரம்: ஹெபடைடிஸ் பி-யோடு ஒரு ஐ.வி.எஃப்.

டொரண்டோவிலும் ஐ.வி.எஃப்., அதாவது சோதனைக்குழாய் முறையில் கருத்தரிக்கும் சிகிச்சை, உண்டுதான். 43 வயதுக்குள் இருந்தால் ஒன்டாரியோ அரசே ஆயுளில் ஒரு சுற்றுக்குச் செலவழிக்கும். ஆனால் வரிசை நீளம், மருந்துச் செலவு நம் தலையில். எனக்கு 38 ஆகிவிட்டது. ஆறு வாரம் விடுப்புச் சேர்த்துக்கொண்டு நானும் கணவரும் மதுரைக்குக் கிளம்பினோம். அம்மா வீடு இருக்கிறது, சாப்பாட்டுக்குக் கவலையில்லை.

எனக்குக் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் பி நாள்பட்டதாக உண்டு. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்றார்கள். உடம்புக்கு இதுவரை ஒன்றும் செய்ததில்லை.

முதலில் போன மையம் பளபளவென்று இருந்தது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று என் ஃபைலில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். "பாசிடிவ் யாரும்மா? இந்தப் பக்கம் வாங்க" என்று ஹால் முழுக்கக் கேட்க ஒரு சிஸ்டர் கூப்பிட்டார். பத்து நாள் அலைந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது: வைரஸ் உள்ளவர்களின் கருவை உறைய வைக்கத் தனி டேங்க் அவர்களிடம் இல்லையாம். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். டிக்கெட் போடுமுன் போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

இரண்டாவது மையம் பழைய கட்டடம், லிஃப்ட் பாதி நாள் ஓடாது. ஆனால் அங்கிருந்த டாக்டரம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். முதலில் கல்லீரல் மருத்துவரிடம் அனுப்பி, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். எனக்குக் குறைவு. மில்லிக்கு 2 லட்சம் யூனிட்டைத் தாண்டினால், குழந்தைக்குத் தொற்றாமல் இருக்க, கர்ப்பத்தின் 28-ஆம் வாரத்திலிருந்து டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுப்பார்களாம். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், வைரஸை எதிர்க்கும் ஆன்டிபாடி ஊசியான இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். கணவருக்குத் தடுப்பூசி ஏற்கெனவே போட்டது. எதிர்ப்புச் சக்தி இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

கருப்பைக்குள் சின்னக் கேமரா விட்டு (ஹிஸ்டரோஸ்கோப்பி) பார்த்துத் துளி சதை எடுத்து அனுப்பினார்கள். நாள்பட்ட எண்டோமெட்ரைட்டிஸ், அதாவது உள்சுவரில் ஓயாத அழற்சி என்று ரிப்போர்ட் வந்தது. வலியோ காய்ச்சலோ எதுவுமில்லாமல் இப்படி இருக்குமாம். கரு ஒட்டுவதற்கு அதுவே தடையாகலாம். இந்த வைரஸ்தான் கருப்பையையும் கெடுத்துவிட்டது என்று அழ ஆரம்பித்துவிட்டேன். "அதுக்கு வீடு கல்லீரல்மா. இது பெரும்பாலும் பாக்டீரியா பண்ற வேலை" என்று டாக்டரம்மா சொல்லி, 14 நாளுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். சரி, கூகுளில் தேடிப் பயந்ததையும் கேட்டுவிடுவோம் என்று 2016-இல் இத்தாலியில் வந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். காரணம் தெரியாத குழந்தையின்மை உள்ள 30 பெண்களில் 13 பேரின் கருப்பை உள்சுவரில் ஹெச்.ஹெச்.வி.-6ஏ என்ற ஹெர்பிஸ் வைரஸ் இருந்ததாம். அவர் அதைப் படித்திருந்தார். முப்பது பேரை வைத்து யாருக்கும் மருந்து எழுத முடியாது என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

அத்தைக்கு இதெல்லாம் ஒப்பவில்லை. தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தார். சும்மா சொல்லக்கூடாது, அத்தை பக்கமும் ஒரு கதை உண்டு. சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த ப்ளும்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லி பலன் தருவதாக 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. கருமுட்டை வளர ஊசி போடும் நேரத்தில் எந்தப் பச்சிலையும் வேண்டாம் என்று டாக்டரம்மாவும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அத்தை இரண்டு நாள் பேசவில்லை.

செலவு மருந்தோடு சேர்த்து இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ரசீது கேட்டால் தந்தார்கள், கேட்காவிட்டால் இல்லை. அழற்சி ஆறட்டும் என்று இந்த முறை கரு வைக்கவில்லை. இரண்டு கருக்கள் தனி டேங்கில் இருக்கின்றன. செயற்கைக் கருத்தரிப்புக்கான இந்திய ஏ.ஆர்.டி. சட்டப்படி 10 ஆண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது; அதற்கு வருட வாடகை தனி. தை மாதம் மறுபடி வருகிறோம். அதற்குள் டொரண்டோவில் வைரஸ் அளவை இன்னொரு முறை பார்த்து அனுப்ப வேண்டும்.